பார்க்கிற படம், படிக்கிற படம்

கேமரா வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் எங்கள் பக்கத்தில் முதலில் வரும் கேள்வி, "பிளர் வருமா?" மணப்பெண்ணின் முகம் பளிச்சென்று இருக்க வேண்டும், பின்னால் இருக்கிற பந்தலும் பாத்திரமும் கரைந்து போக வேண்டும். இரண்டாவது கேள்வி, "எவ்ளோ தூரம் இழுக்கும்?" ஏரி நடுவில் நிற்கும் நாரையின் கண் தெரிய வேண்டும், கோபுரத்து மேல்நிலைப் பொம்மையின் மூக்கு தெரிய வேண்டும். முப்பதாயிரம் ரூபாய்க்குள் இந்த இரண்டு கேள்விக்கும் ஒரே கருவி பதில் சொன்னதில்லை. முதல் கேள்விக்கு ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர். இரண்டாவதற்கு, லென்ஸைக் கழற்ற முடியாத, இழுத்தால் யானைத் தும்பிக்கை மாதிரி நீள்கிற சூப்பர்ஜூம். கடைக்காரரிடம் கேட்டால் எது ஸ்டாக் இருக்கிறதோ அதைச் சொல்வார். யூடியூபில் கேட்டால் இரண்டு மணி நேரம் போய்விடும்.

நான் இதை வரலாற்றிலிருந்து தொடங்க விரும்புகிறேன். 2016இல் குமராட்சியில் ஒரு வீட்டுத் திண்ணையில் நடந்த வாக்குவாதமும் 1858இல் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் வாசலில் ஒரு வெள்ளைக்காரருக்கு இருந்த சிக்கலும் அடிப்படையில் ஒன்றுதான் என்பது என் எண்ணம்.

குமராட்சி தெரியாதவர்களுக்கு: சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் போகும் பஸ்ஸில் வருகிற ஊர். தெற்கே கொள்ளிடம், மேற்கே வீராணம், நடுவில் வயல். அந்தக் கொள்ளிடத்தைப் பிடித்துக்கொண்டு மேற்கே மேலே மேலே போனால் ஸ்ரீரங்கம் வரும். அங்கேதான் லின்னேயஸ் ட்ரைப் தன் வண்டிகளோடு வந்து இறங்கினார்.

ட்ரைப் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரி. 1855இல் பர்மாவுக்குப் போன தூதுக்குழுவோடு போய்ப் படமெடுத்தவர். அடுத்த ஆண்டே சென்னை அரசாங்கம் அவரைத் தன் அதிகாரபூர்வப் புகைப்படக்காரராக்கியது. 1857 கடைசியில் தொடங்கி 1858 தொடக்கம் வரை ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று ஒரு சுற்று. வடக்கே சிப்பாய்ப் புரட்சி எரிந்துகொண்டிருந்த நேரத்தில் தெற்கே ஒரு மனிதர் தூண்களைப் படமெடுத்துக்கொண்டிருந்தார் என்பது இப்போது நினைத்தால் விசித்திரமாகத்தான் இருக்கிறது.

அவர் முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்று கண்ணாடித் தகடு. கொலோடியன் என்கிற பிசினைத் தகட்டில் ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, ஈரம் காய்வதற்குள் கழுவியும் ஆக வேண்டும். மொத்தம் பத்து நிமிஷத்துக்குள் முடியணும். தஞ்சாவூர் வெயிலில் பத்து நிமிஷம் என்பது ஐந்து நிமிஷம். விளைவு துல்லியம்: கல்லில் உள்ள உளித் தடம் வரை தெரியும். இன்னொன்று மெழுகு பூசிய காகிதம். முன்கூட்டியே தயாரித்து, காயவைத்து எடுத்துப் போகலாம். படமெடுத்தபின் சாவகாசமாகக் கழுவலாம். உடையாது, கனமில்லை. ஆனால் காகிதத்தின் நார் படத்திலும் விழும், கண்ணாடியின் கூர்மை வராது, ஒளிபடும் நேரமும் நிமிஷக் கணக்கு. ஆடுகிற மரமெல்லாம் பஞ்சாகிவிடும். ஆள் நடந்துபோனால் ஆளே இருக்க மாட்டார்.

ட்ரைப் பெரிய படங்களுக்குக் காகிதத்தை எடுத்தார். ஏறக்குறைய ஓரடி உயரம், ஒன்றேகால் அடி அகலம் உள்ள நெகட்டிவ்கள். வெற்று வானம் வெளிறிப்போனால் நெகட்டிவின் மேல் நிறம் தீட்டி மேகம் வரைந்தார் (ஃபில்டர் போடுகிறவர்களைத் திட்டுகிறவர்கள் கவனிக்க). கூடவே சின்னக் கண்ணாடித் தகடுகளில் இரட்டைக் கண் படங்களும் எடுத்தார். கம்பெனிக் காசு என்பதால் அவர் இரண்டையும் வைத்துக்கொள்ள முடிந்தது. நமக்கு அந்த வசதி இல்லை.

அவருடைய படங்களில் அழகானவை மதுரைப் படங்கள். திருமலை நாயக்கர் மகாலின் தூண்களில் வெளிச்சம் விழுவதைப் பார்த்தால் பிரமிப்பாக இருக்கும். ஆனால் என்னைப் பிடித்து வைத்தது இன்னொன்று. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை, கேமராவை நகர்த்தி நகர்த்தி 21 நெகட்டிவ்களாக எடுத்து, அச்சிட்டு, வரிசையாக ஒட்டி ஒரே சுருளாக்கினார். நீளம் கிட்டத்தட்ட 19 அடி. அதில் கலை என்று பார்த்தால் ஒன்றுமில்லை. கல், எழுத்து, கல், எழுத்து. எடுத்தவருக்கு அந்த எழுத்தை வாசிக்கத் தெரியாது. ஐரோப்பிய அறிஞர்கள் யாராவது வாசிக்கட்டும் என்றுதான் எடுத்தார். கோயில் ராஜராஜன் கட்டியது என்ற செய்தி அந்தச் சுவரிலேயே இருந்தது. கல்வெட்டாய்வாளர் ஹூல்ஷ் அந்தக் கல்வெட்டுகளை முறையாகப் படித்து அச்சில் கொண்டுவர 1890கள் ஆயிற்று.

மதுரைப் படம் பார்ப்பதற்கான படம். தஞ்சைச் சுருள் படிப்பதற்கான படம். இந்த இரண்டும் வேறு வேறு ஜாதி என்பதை நான் அங்கேதான் பிடித்துக்கொண்டேன். பார்க்கிற படத்துக்கு வெளிச்சம், சாயல், ஆழம் வேண்டும். படிக்கிற படத்துக்கு எழுத்து தெரிந்தால் போதும்.

1859இல் சார்லஸ் ட்ரெவெல்யன் சென்னை கவர்னராக வந்தார். புரட்சிக்குப் பிறகு கஜானா காலி. இந்தப் படமெடுக்கும் வேலை அரசாங்கம் இப்போதிருக்கும் நிலைக்கு ஒத்துவராத ஆடம்பரம் என்று சொல்லி நிறுத்திவிட்டார். ட்ரைப் அதன்பின் பெரிதாக எதுவும் எடுக்கவில்லை. இன்னும் நாற்பது வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்தார்.

அதற்கப்புறம் கேமரா சின்னதாகிக்கொண்டே வந்த கதை எல்லாருக்கும் ஓரளவு தெரியும். ஜெர்மனியில் லைட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஆஸ்கார் பார்னாக்குக்கு ஆஸ்துமா. தகட்டுக் கேமராவைத் தூக்கிக்கொண்டு மலையேற முடியவில்லை. சினிமாச் சுருளைப் போட்டு ஒரு சின்னக் கேமராவை 1913-14 வாக்கில் செய்தார். அதுதான் 1925இல் லைக்காவாக விற்பனைக்கு வந்தது. பெரிய தகட்டுக்காரர்களுக்கு அது பொம்மை. தபால்தலை அளவு ஃபிலிமில் என்ன படம் வரும் என்று கேட்டார்கள். இன்று சூப்பர்ஜூமைப் பார்த்து டிஎஸ்எல்ஆர்காரர் கேட்கிற அதே கேள்வி. ஆனால் டிஎஸ்எல்ஆரின் சென்சார் அந்த லைக்கா ஃபிலிமைவிடச் சின்னது.

தமிழ்நாட்டில் இந்தப் போக்குக்கு நேர் எதிர்த் திசையில் போன ஒருவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்தவர். கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950 முதல் 1996இல் இறக்கும்வரை இயற்கை பற்றிப் பத்தி எழுதினார். தமிழிலும் அருமையாக எழுதியவர். 'மழைக்காலமும் குயிலோசையும்' தொகுப்பைத் தேடிப் படிக்கலாம். அவர் காட்டுக்குக் கொண்டுபோன கேமரா கடையில் வாங்கியதல்ல. அங்கே இங்கே கிடைத்த உடலையும் லென்ஸையும் தானே ஒட்டவைத்து உண்டாக்கிய ஒரு கனத்த பூதம். அதற்கு அவரே வைத்த செல்லப் பெயர் 'சூப்பர் பாண்டரோசா'. பாண்டரஸ் என்றால் கனத்தது, அசையாதது. உலகமே கலருக்கும் கைக்கடக்கமான ஜப்பான் கேமராவுக்கும் மாறிய பிறகும் அவர் கறுப்பு வெள்ளையையும் பூதத்தையும் விடவில்லை. யானையின் தோலில் சுருக்கம் சுருக்கமாகத் தெரிய வேண்டும், அது எந்த யானை என்று அடையாளம் சொல்ல முடிய வேண்டும். அவருக்குப் படம் ஒரு குறிப்பேடு. கருவியைக் கடைக்காரர் தீர்மானிக்கவில்லை, குறிப்பு தீர்மானித்தது. அது பெரிய கேமராவில் போய் முடிந்தது என்பது தற்செயல்.

மற்ற தமிழ்நாட்டுக்குக் கேமரா என்பது வேறு. வீட்டுக் கேமரா என்றால் ஆக்ஃபா கிளிக் 3: ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம், வெயில் இருந்தால் விழும், இல்லையென்றால் இல்லை. ஊட்டியில் 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' ஃபிலிம் ஸ்டுடியோக்காரர்களின் கையில் புழங்கியது. லென்ஸைக் கழற்றி மாட்டும் எஸ்எல்ஆர் வைத்திருப்பவர் ஃபோட்டோகிராஃபர். அதாவது அது ஒரு தொழிலின் அடையாளம், தையற்காரரின் மிஷின் மாதிரி. இந்த நினைவு எங்கள் ஊர்களில் இன்னும் போகவில்லை. கழுத்தில் பெரிய கேமரா தொங்கினால் "ஃபங்ஷனுக்கு வந்தீங்களா?" என்பார்கள்.

2003இல் கேனான் 300டி வந்தபோது டிஎஸ்எல்ஆரின் விலை முதல்முறையாக அமெரிக்காவில் ஆயிரம் டாலருக்குக் கீழே இறங்கியது. அடுத்த பத்து வருஷத்தில் சிதம்பரம் கடைகளிலும் நிகான், கேனானின் அடிமட்ட மாடல்கள் வந்துவிட்டன. அதே காலத்தில் இன்னொரு பந்தயம் ஓடியது. 2012இல் கேனான் எஸ்எக்ஸ்50 ஐம்பது மடங்கு ஜூம். 2015இல் நிகான் பி900, எண்பத்து மூன்று மடங்கு: பழைய ஃபிலிம் கணக்கில் 24இல் தொடங்கி 2000 மி.மீ. வரை. நிலாவின் குழிகளை எடுத்துக் காட்டும் வீடியோக்கள் பரவியதும் எங்கள் பையன்கள் எல்லாருக்கும் அது வேண்டும் என்றாகிவிட்டது.

இங்கே கொஞ்சம் கணக்கு போட வேண்டும், அவசரப்படுகிறவர்கள் தாண்டிப் போகலாம். பி900இன் சென்சார் ஒரு துவரம்பருப்பு அளவுதான்: 6.2க்கு 4.6 மி.மீ. நிகான் டி3300இன் சென்சார் 23.5க்கு 15.6. பரப்பில் பதின்மூன்று மடங்கு. மழைக்கு வாசலில் அகலப் பாத்திரம் வைப்பதற்கும் டம்ளர் வைப்பதற்கும் உள்ள வித்தியாசம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் டம்ளரில் சேருவது குறைவு. அதைச் சரிக்கட்டக் கேமரா உள்ளே வழித்து மெழுகிவிடும். முகத்தில் மெழுகினால் பவுடர் போட்ட மாதிரி இருக்கும், எழுத்தில் மெழுகினால் எழுத்து போய்விடும்.

பிளர் என்பது லென்ஸின் கண் எவ்வளவு அகலம் திறக்கிறது என்பதைப் பொறுத்தது. டி3300இல் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் மாட்டினால் திறப்பு 28 மி.மீ. சூப்பர்ஜூமில் அதே அளவு முகத்தை எடுக்கும்போது திறப்பு ஐந்து மி.மீ.கூட வராது. முழுக்க இழுத்தால் பி900இன் திறப்பும் 55 மி.மீ. ஆகும், பிளர் அமர்க்களமாக வரும். ஆனால் மணப்பெண்ணை எடுக்கத் தெருக்கோடிக்குப் போய் நிற்க வேண்டும்.

தூரம் என்று வந்தால் கதை தலைகீழ். வீராணம் கரையில் நின்று 300 மீட்டர் தள்ளி நிற்கும் நத்தைகுத்தி நாரையை எடுப்பதாக வைத்துக்கொள்வோம். டிஎஸ்எல்ஆரோடு வரும் 18-55 லென்ஸில் சட்டகத்துக்குள் விழும் காட்சி 128 மீட்டர் அகலம். நாரை ஒரு புள்ளி. இன்னொரு லென்ஸ் வாங்கி 200 மி.மீ.க்குப் போனால் 35 மீட்டர். நாரை ஒரு பெரிய புள்ளி. பி900இல் ஐந்தே மீட்டர். அலகு மூடும்போது நடுவில் விடுகிற இடைவெளி வரை தெரியும். நத்தைக்காக ஏற்பட்ட இடைவெளி அது. அதே நெருக்கத்தை டிஎஸ்எல்ஆரில் தேடினால் விலை லட்சங்களில், எடை கிலோக்களில்.

எடையைப் பற்றி ஒரு வேடிக்கை. கைக்கடக்கம் என்ற பெயரில் விற்கப்படுகிற வகை இது; பி900 கிட்டத்தட்ட 900 கிராம், 2018இல் வந்த பி1000 ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதே வருஷம் வந்த டி3500 உடல் 365 கிராம். பாண்டரோசா என்ற பெயர் இப்போது எதற்குப் பொருந்தும் என்று கிருஷ்ணன் இருந்தால் சொல்லியிருப்பார்.

இனி திண்ணை. 2016இல் எங்கள் வீட்டில் இரண்டு பேர் ஒரே மாதத்தில் கேமரா வாங்கத் துடித்தோம். பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், டிப்ளமோ முடித்து வேலை கிடைக்காமல் இருந்தார். நான் சிதம்பரத்தில் படித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரையில் பறவை எண்ணிக்கொண்டிருந்தேன். அண்ணனுக்குச் சந்தேகமே இல்லை, டி3300 வாங்கினார். எனக்கான பணம் அம்மாவின் சீட்டுப் பணம்.

"ஏம்ப்பா, இவ்ளோ காசு போட்டு வாங்குற, ஒரு கல்யாணத்துக்காவது கூப்புடுவாங்களா?"

"கூப்புட மாட்டாங்கம்மா."

"அப்ப எதுக்கு?"

ட்ரெவெல்யன் கேட்ட கேள்வி. கேட்டவர் கவர்னர் இல்லை, மாசம் மாசம் சீட்டு கட்டியவர் என்பதால் இந்தக் கேள்விக்கு மரியாதை அதிகம். ஏரியில் எது வருகிறது, எப்போது வருகிறது, எத்தனை வருகிறது என்று யாராவது எழுதிவைக்க வேண்டாமா என்றேன். "எழுதத்தானே போற, அதுக்கு நோட்டு போதாதா?" என்றார் அம்மா. அண்ணன்தான் நடுவில் புகுந்தார்: "சித்தி, அவன் சொல்றத நம்ப மாட்டாங்க. படம் இருந்தாதான் நம்புவாங்க."

உண்மை அதுதான். வீராணத்தில் மீசை ஆலாவும் அரிவாள் மூக்கனும் நீலத் தாழைக்கோழியும் இருப்பதை யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் அபூர்வமான ஒன்றைப் பார்த்தேன் என்று ஈபேர்டில் பதிந்தால், சரிபார்ப்பவர் கேட்பது ஆதாரம். 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழ்நாடு முழுக்க நடக்கிற பறவைக் கணக்கெடுப்பில் இந்தக் கரையில் நின்று எண்ணும்போது, தூரத்துச் சாம்பல் புள்ளி வாத்தா, நாமக்கோழியா என்பதற்கு என் துவரம்பருப்புதான் சாட்சி. அந்தப் படங்கள் எதையும் சுவரில் மாட்ட முடியாது. புள்ளி புள்ளியாக, நிறம் செத்து இருக்கும். இறக்கையில் வெள்ளைப் பட்டை இருக்கிறதா இல்லையா என்பது தெரியும்.

ஒரு மார்ச் மாதம் தண்ணீர் வடிந்த சேற்றில் உள்ளான் கூட்டத்தில் ஒன்றின் காலில் சின்னதாக ஒரு கொடி. ஆராய்ச்சியாளர்கள் வலசைப் பறவைகளைப் பிடித்து, எழுத்துப் பொறித்த கொடியைக் காலில் மாட்டி விடுவார்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கொடியக்கரையில் பல பத்தாண்டுகளாக வளையம் மாட்டுகிறது. எழுத்தைப் படித்தால் அந்தப் பறவை எங்கே, எந்த வருஷம் பிடிபட்டது என்று சொல்லிவிடலாம். கரையில் குப்புறப் படுத்து நாற்பது படம் எடுத்தேன். ஒரு எழுத்து தெளிவு, இன்னொன்று கிட்டத்தட்ட, மூன்றாவது சேறு. ட்ரைப் கல்வெட்டு முன்னால் முக்காலியை நகர்த்தி நகர்த்தி 21 தடவை எடுத்தது எதற்கென்று அன்றைக்கு நன்றாகவே விளங்கியது.

அண்ணன் கேமரா தன் விலையை இரண்டு முகூர்த்த சீசனில் சம்பாதித்துவிட்டது. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு. பிளர் கேட்டவர்களுக்கெல்லாம் பிளர். அந்தப் பணத்தில் எனக்கு ஒரு முக்காலி வாங்கிக் கொடுத்தார். என் கேமரா ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்கவில்லை. இதை வைத்து எது நல்ல கேமரா என்று முடிவு செய்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. வீட்டில் வருமானம் இல்லாத ஒரு பையன் என்னிடம் கேட்டால் யோசிக்காமல் டிஎஸ்எல்ஆர் என்றே சொல்கிறேன்.

ஆனால் படிக்கிற படம் என்றாலே சூப்பர்ஜூம் என்றும் ஆகாது. எங்களுக்குப் பக்கத்திலேயே காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயில் இருக்கிறது. ஆதித்த கரிகாலன் கொலையில் சம்பந்தப்பட்டவர்களின் சொத்துகள் பறிமுதலான செய்தி கருவறைச் சுவரில் இருக்கிற அந்த ஊர். கல்கியின் ரவிதாசன் அந்தக் கல்வெட்டிலிருந்து எழுந்து வந்தவன்தான். பொன்னியின் செல்வன் தொடங்குவதும் எங்கள் ஏரிக்கரையில்தான். ஒரு சாயங்காலம் அண்ணனும் நானும் போனோம். பழைய கல்வெட்டுக்கு நேர் வெளிச்சம் ஆகாது. பக்கவாட்டில் சாய்வாக வெளிச்சம் விழுந்தால்தான் பள்ளத்தில் நிழல் சேர்ந்து எழுத்து எழும். கருக்கலில் என் கேமரா சுவரை மெழுகிவிட்டது. நான் டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்க, அண்ணன் டி3300இல் எடுத்தார்.

"எழுத்து வருதாண்ணே?"

"வருது. எனக்குப் படிக்கத்தான் தெரியல."

பத்தாம் நூற்றாண்டுத் தமிழ் எழுத்து. வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, ஒரு வரியில் பாதி தேறுவதற்கு ஒரு வாரம் ஆயிற்று. பூச்சு இல்லாத, மெழுகாத எழுத்து. நீலகண்ட சாஸ்திரி அந்தக் கல்வெட்டைப் பதிப்பித்துப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன, நாங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. இருந்தாலும் அந்தப் படம் அண்ணன் எடுத்த ஆயிரம் கல்யாணப் படங்களைவிட எனக்குப் பிடித்தது. அவருக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன், வாய்விட்டுச் சொல்ல மாட்டார்.

இப்போது இந்தக் கேள்வியே மாறிவிட்டது. டி3500க்குப் பிறகு நிகான் அந்த வரிசையில் புதிதாக எதையும் கொண்டுவரவில்லை. கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸுக்கு எல்லாரும் போய்விட்டார்கள், அண்ணனும்தான். சின்னக் கேமராக்களை ஃபோன் தின்றுவிட்டது. ஆச்சரியம் என்னவென்றால் நீளமாக இழுக்கிற அந்தத் தும்பிக்கையை மட்டும் ஃபோனால் தின்ன முடியவில்லை. 2025 பிப்ரவரியில் நிகான் பி1000ஐ லேசாகத் தட்டிக்கொட்டி பி1100 என்று மறுபடி கொண்டுவந்தது. பழைய டி3300, டி3400கள் செகண்ட் ஹேண்டில் ஒரு சுமாரான ஃபோன் விலைக்குக் கிடைக்கின்றன. வாங்கினால் ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது என்று பாருங்கள், லென்ஸுக்குள் பூஞ்சை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்; கொள்ளிடக்கரை ஈரத்துக்குப் பூஞ்சை சீக்கிரம் வரும். அரிசி டப்பாவில் போட்டு வைப்பதை விட்டுவிட்டு சிலிகா பொட்டலம் வாங்கிப் போடுங்கள்.

சூப்பர்ஜூம் வாங்கிக்கொண்டு வீராணத்துக்கு வருகிறவர்கள் காலை ஒன்பது மணிக்கு முன்னால் வந்துவிட வேண்டும். அதற்கு மேல் தண்ணீருக்கு மேலே காற்று கொதிக்கத் தொடங்கிவிடும், 2000 மி.மீ.யில் நாரையெல்லாம் நெளியும், எந்தக் கேமராவாலும் ஒன்றும் செய்ய முடியாது. லால்பேட்டையில் இறங்கி வடக்கே கரையோடு நடந்தால் காலை வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும். கொடி கட்டிய கால் ஏதாவது கண்ணில் பட்டால் எல்லாக் கோணத்திலும் எடுங்கள், சேறு ஒட்டாத பக்கம் ஒரு தடவையாவது திரும்பும்.